பாட்டு வந்தால் வலி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு ஒரு குறையுமில்லை. வார்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

என் பொறுப்பில் தீராத முதுகுவலிக்காரர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வலி எப்படி என்று கேட்டால், "பரவாயில்லம்மா" என்பார். நடக்கவைத்தால் பாட்டு முணுமுணுப்பார். ஆள் உற்சாகமாக இருக்கிறார் என்று நம்பி, நேற்று வராந்தாவின் கோடிவரை நடத்திக்கொண்டு போனேன். எதிரே வந்த அவர் மனைவி பதறிவிட்டார்.

"ஐயோ சிஸ்டர், உக்கார வைங்க! வலி தாங்கலைன்னாதான் இவர் பாடுவாரு. கல்யாண வீட்டுல கூட வாயைத் திறக்க மாட்டாரு."

உடனே பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்தேன். இன்று அவர் மனைவியையும் கூடவே நடக்கச் சொன்னேன். மனைவி கண்ணைக் காட்டியதும் நடையை நிறுத்திவிட்டேன்.

அதிலிருந்து நம் வீட்டு நினைப்பாகவே இருக்கிறது. இடுப்புவலி எப்படி என்று போனில் கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறாள் அம்மா. பின்னால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் ஓய்வதே இல்லை. வலி வந்தால் அம்மா என்னப்பா செய்வாள்? அவளிடம் கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்து எழுதுங்கள்.

அம்மாவின் பழைய போர்வை ஒன்றை அனுப்ப முடியுமா? இங்கே அப்படியொன்றும் குளிர் இல்லை, சும்மாதான் கேட்கிறேன்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நான் நன்றாக இருப்பதாக அம்மாவிடம் சொல்லுங்கள். நம்பமாட்டாள், இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்