அத்தானின் வலக்கண்

செப்டெம்பர் 1, திங்கள்

காலையிலேயே வெக்கை. காற்று முழுக்கப் புழுதி. முள்ளியவளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றதில் வெள்ளைச் சீருடை மண்ணிறம். வீட்டுக் கிணற்று மோட்டார் மறுபடி மக்கர்.

இன்று சத்திரசிகிச்சை இல்லை. கருவிகள் பார்க்கும் நாள். கண் ஒப்பரேசன் தியேட்டர் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு தர்சினியும் நானும். கனுலாக்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். வெளியில் சொன்னால் ஊசி என்று நினைப்பார்கள். ஊசி இல்லை. முனை மொட்டை, குத்தாது. தையல் நூலை விடக் கொஞ்சம்தான் பருமன், அதற்குள்ளே துளை. கண்ணுக்குள் தண்ணீர் விட, பசை மருந்து விட, மிச்சத்தை உறிஞ்சி எடுக்க.

நுனி வளைந்ததற்குத் தர்சினி வைத்த பெயர் கொக்கு. இரண்டு குழல் ஒட்டிப் பிறந்தது ஒன்று: ஒன்றால் தண்ணீர் உள்ளே போகும், மற்றதால் கழிவு வெளியே வரும். நுனி சொரசொரப்பானது இன்னொன்று. அரத்தாள் மாதிரி, ஆனால் விரலுக்குத் தெரியாது. கொக்குகளில் ஒன்று நசிந்திருந்தது. ஒதுக்கியாயிற்று.

தர்சினி வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட இல்லை. “அக்கா, இதுகளைக் கழுவுறதுக்கே தனியா ஒரு ஆள் வேணும்” என்றாள். கழுவாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். பசை உள்ளே காய்ந்து நிற்கும், அடுத்தவரின் கண்ணுக்குள் போகும், கண் வீங்கிக் கலங்கும். தர்சினி கனுலாக்களுக்குள் திரும்பத் திரும்பத் தண்ணீர் அடித்தாள்.

மத்தியானம் கொக்கிளாயிலிருந்து அக்கா போன். அத்தான் மறுபடி வேலியில் மோதி நெற்றியில் காயம். மீன்பிடித்துப் பிழைக்கிற அவருக்கு இருப்பது வலக்கண் ஒன்றுதான். இடது, சண்டைக்காலத்தில் செல் குண்டுத் துண்டு பட்டுப் போனது. இருக்கிற ஒன்றிலும் இப்போது புரை முற்றிவிட்டது.

“களப்பில வலைக்கு நட்ட தடி எது, நிழல் எது எண்டு தெரியேல்லையாம். ஆஸ்பத்திரி எண்டு சொன்னா மட்டும் எழும்பிப் போயிடுறார். நீயாவது வந்து கதை” என்றாள் அக்கா.

டொக்டரிடம் சொன்னேன். தெற்கிலிருந்து வந்த சிங்களவர், தமிழ் இங்கே வந்துதான் பழகுகிறார். ஒதுக்கி வைத்த நசிந்த கொக்கைக் காட்டி, “இது கொண்டு போங்க மிஸ். ஐயா கையில குடுங்க” என்றார்.

செப்டெம்பர் 2, செவ்வாய்

லீவு. முதல் பஸ்ஸில் கொக்கிளாய். வழியெல்லாம் தூக்கம்.

அத்தான் முற்றத்து வேம்பின் கீழ், கதிரையில். நெற்றியில் அக்கா ஒட்டிய பிளாஸ்டர் கோணல். குரலை வைத்துத்தான் என்னை அறிந்தார்.

“ஒப்பரேசன் கதைக்கத்தான் வந்தனி எண்டா தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் போ, பிள்ளை.”

“ஏன் அத்தான்?”

“இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் ஏன் குடுப்பான்? ஏதும் பிழை வந்துதெண்டா நான் சுவரைத் தடவிக்கொண்டு திரியிறதோ?”

பிழை வராது என்று எப்படிச் சொல்ல? ஒற்றைக் கண்.

பையிலிருந்து கனுலாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல்களால் உருட்டினார். வலையில் ஒரு கண் அறுந்திருந்தால் தடவியே பிடிக்கிற விரல்கள். நுனியைப் பெருவிரலில் அழுத்திப் பார்த்தார்.

“குத்தேல்லை.”

“குத்தாது அத்தான். இதாலதான் உள்ளுக்குக் கழுவுறது.”

“இதுக்குள்ள ஓட்டையும் கிடக்கோ?”

சிறிஞ்சில் தண்ணீர் எடுத்து, கனுலாவைப் பூட்டி, அவர் கையில் மெல்ல விட்டேன். நூல் மாதிரித் தண்ணீர். அத்தான் அசையாமல் இருந்தார். பிறகு மற்றக் கையையும் நீட்டினார். அதிலும் விட்டேன். அக்கா குசினி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கடைசியில் ஒன்றுதான் கேட்டார். “நீ பக்கத்தில நிப்பியோ?”

“நிப்பன்.”

இதை எழுதும்போது நினைப்பு வேறு எங்கோ போகிறது. அம்மாவும் அப்பாவும் இல்லாமல் போன பிறகு என்னை வளர்த்தது இவர்கள் இருவரும். கலியாணம் முடித்த புதிதிலேயே அத்தானுக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் சேர்ந்து வந்தது. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தாதியர் பயிற்சிக்கு வவுனியா வரை என் பெட்டியைத் தோளில் தூக்கி வந்தவர். வாசலில் வைத்து “படி” என்று மட்டும் சொன்னார். திரும்பிப் போய்விட்டார்.

செப்டெம்பர் 3, புதன்

அத்தானை வாட்டில் சேர்த்தாயிற்று. அக்கா ஒரு பை நிறையக் கருவாட்டோடு வந்திருக்கிறாள், யாருக்கென்று தெரியாது. வாட் முழுக்க மணம். சிற்றூழியர் முறைத்துப் பார்த்தார்.

டொ. கண்ணைப் பார்த்தார். நெடுநேரம். “புரை கல்லு மாதிரி” என்றார் என்னிடம் மட்டும்.

நாளைக்குக் கருவிகள் எடுத்துக் கொடுப்பது நான் என்றுதான் நினைத்திருந்தேன். டொ. தலையாட்டினார்.

“வேணாம் மிஸ். தர்சினி தரட்டும். உங்கட ஆள்தானே, உங்கட கை நடுங்கும்.”

“நடுங்காது டொக்டர்.”

“நடுங்கினா? நீங்க ஐயா கையைப் பிடிங்க. அதுவும் வேலைதான்.”

கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது தணிந்தது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் ஊற்றும்போது பார்த்தேன், கோப்பை தட்டில் கலகலவென்று. டொக்டர் சொன்னது சரிதான், அந்த மனிதனுக்கு நன்றி.

செப்டெம்பர் 4, வியாழன்

முடிந்தது. கை வலி. எழுதுகிறேன்.

வரிசையில் அத்தான் கடைசி. மற்றவர்களுக்கு எல்லாம் சுகமாக முடிந்தது. அக்கா வெளியே வாங்குப் பலகையில் செபமாலையோடு. பச்சை உடுப்பும் தொப்பியுமாக அத்தானைத் தள்ளிக்கொண்டு வரும்போது யாரோ ஒரு கிழவர், “பயப்பிடாதேங்கோ தம்பி, எறும்பு ஊர்ற மாதிரித்தான்” என்றார்.

கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி. அதற்கு மட்டும் உடம்பு ஒருமுறை அதிர்ந்தது. முகத்தைத் துணியால் மூடிக் கண் மட்டும் வெளியே. நான் பக்கத்தில் முக்காலியில். துணிக்கு அடியால் அவர் கை என் கையில்.

“இருமல் தும்மல் எது வந்தாலும் என்ர கையை அமத்துங்கோ. கதைக்க வேண்டாம்.”

“ம்.”

டொ. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தார். பிறகு கையை மட்டும் நீட்டுவார், தர்சினி வைப்பாள். கத்தி. பசை. கொக்கு. ஒவ்வொரு கனுலாவையும் கொடுக்குமுன் சிறிஞ்சோடு திருகி இறுக்கி, வெளியே ஒரு துளி விட்டுப் பார்த்தாள். சரியாக இறுக்காவிட்டால் அழுத்தத்தில் கழன்று அம்பு மாதிரிக் கண்ணுக்குள் போகும். அவள் கை நடுங்கவில்லை.

பழுதான வில்லை வெளியே வந்தது. சாயத் தேத்தண்ணீர் நிறம், பருப்பை விடக் கொஞ்சம் பெரியது. இவ்வளவு காலம் இதற்குப் பின்னால் இருந்துகொண்டா இந்த மனிதர் கடலுக்குப் போனார்?

பிறகுதான் பயமான இடம். வில்லை இருந்த பையைத் துடைக்க வேண்டும். அதன் பின்சுவர் சவர்க்காரக் குமிழியின் தோல் மாதிரி. கிழிந்தால் புது வில்லையை வைக்கச் சரியான இடம் இல்லை. சொரசொரப்பு நுனிக் கனுலா உள்ளே போயிருந்தது. அந்த நேரம் பார்த்து என் விரல்களை அத்தான் நசித்தார். எலும்பு முறிகிற மாதிரி.

“டொக்டர், இருமல்!”

கனுலா வெளியே வந்துவிட்டது. டொக்டரின் இரண்டு கையும் மேலே. அதற்குப் பிறகுதான் இருமல் வெடித்தது. கட்டிலே குலுங்கியது. அவ்வளவு நேரம் எப்படி அடக்கினாரோ.

“இருமுங்க ஐயா. நல்லா இருமுங்க. அவசரம் இல்ல.”

அடங்கியது. டொ. மறுபடி குனிந்தார். நான் தர்சினியின் கண்ணைத்தான் பார்த்தேன், முகமூடிக்கு மேலே அது ஒன்றுதான் தெரிந்தது.

“பை இருக்கு” என்றார் டொ.

மாதாவே.

புது வில்லை. காயத்தின் ஓரங்களில் ஆக மெல்லிய கனுலாவால் தண்ணீர் விட்டு ஊத வைத்து மூடினார். தையல் இல்லை. கட்டு.

கனுலாக்களை நானும் தர்சினியும் உடனேயே கழுவினோம். அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. “நல்லாச் செய்தனி” என்று மட்டும் சொன்னேன்.

செப்டெம்பர் 5, வெள்ளி

டொ. கட்டை அவிழ்த்தார்.

அத்தான் கண்ணைத் திறந்தார். மூடினார். திறந்தார்.

“என்ன தெரியுது ஐயா?”

“புகை.”

“என்ர கை தெரியுதா?”

“புகையாத்தான் கிடக்கு.”

கண்ணின் முன்பக்கக் கண்ணாடி வீங்கி, பால் கலந்த தண்ணீர் மாதிரி. டொ. விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். “மிஸ், நேற்றுப் பாவிச்ச கனுலா கழுவினது யாரு?”

“நானும் தர்சினியும், டொக்டர்.”

திங்கட்கிழமை ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்தேன்தானே? நேற்று ஆளுக்கு ஆள் இடையில் சரியாகக் கழுவினேனா? கடைசி ஆள் அத்தான், அவசரத்தில் ஏதும் விட்டேனா? என்னை வளர்த்தவரின் கண்ணா என் கையால் கெட்டது?

கட்டில் கட்டிலாகப் போனேன். நேற்று அதே பெட்டிக் கருவிகளால் செய்த மற்ற எல்லோரும். புதுக்குடியிருப்பு அம்மா என் தோட்டைப் பார்த்து, “கல்லு வைச்சதோ, சும்மாவோ?” என்று கேட்டார். அடுத்த கட்டிலில் ஒருவர் யன்னலுக்கு வெளியே நின்ற பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் கண் கண்ணாடி மாதிரித் தெளிவு.

திரும்பினால் பின்னால் டொ. அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“சாமான் பிழை எண்டா எல்லாருக்கும் வந்திருக்கும் மிஸ். இது கல்லு எடுத்த நோவு. துளி மருந்து விடுங்க. வீக்கம் வத்தும்.”

“வத்தாட்டி?”

“வத்தும் எண்டு நினைக்கிறன்.”

நினைக்கிறாராம்.

செப்டெம்பர் 6, சனி

அத்தானையும் அக்காவையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கொக்கிளாயை விட ஆஸ்பத்திரிக்குக் கிட்ட. மோட்டார்க்காரன் வந்தான், ஏதோ வளையம் தேய்ந்ததாம், மாற்றினான். தண்ணீர் வருகிறது.

துளி மருந்து நேரத்துக்கு நேரம். அக்கா கீழ் இமையை இழுத்துப் பிடிப்பாள், நான் விடுவேன். அத்தான் ஒன்றும் கேட்பதில்லை. புகை குறைந்ததா என்றால் தலையை ஆட்டுகிறார், இல்லை என்று. அக்கா குசினியில் சட்டிகளை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுகிறாள். அழுவது கேட்கக் கூடாதாம்.

பின்னேரம் மருந்து விட்டு எழும்பும்போது அத்தான் கேட்டார்.

“நான் கையை நேரத்துக்கு அமத்தினனானோ, பிள்ளை?”

“அமத்தினீங்கள் அத்தான்.”

“பிந்தேல்லையே?”

“இல்லை. டொக்டர் எடுத்த பிறகுதான் இருமினீங்கள்.”

“அப்ப நான் கெடுக்கேல்லை.”

அந்த மனிதர் மூன்று நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் என் கழுவலை நினைத்துக்கொண்டு. இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ்.

என் பயத்தை நானும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். “நீ கழுவினதெண்டா சுத்தமாத்தான் இருந்திருக்கும்” என்றார். உள்ளே போய் நன்றாக அழுதேன். மனம் லேசாக இருக்கிறது. கண் தெளியாவிட்டாலும், என்று எழுதப் போனேன். வேண்டாம்.

செப்டெம்பர் 8, திங்கள்

காலை வேலைக்குப் புறப்படும் அவசரம். சீப்பைக் காணவில்லை. அக்கா அத்தானுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்காமல் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார்.

“இதில பூப் போட்டுக் கிடக்கோ?”

அக்கா என்னைப் பார்த்தாள். “என்ன பூ?”

“நீலப் பூ. காம்பு பச்சை.”

அக்கா கோப்பையை எட்டிப் பார்த்தாள்: நீலப் பூத்தான், காம்பும் பச்சைதான். நான் சீப்பில்லாமல் பஸ் ஏறினேன். தர்சினியிடம் சொன்னதும் கழுவும் தொட்டியில் கையை நனைத்தபடியே துள்ளினாள், இருவர் மேலும் தண்ணீர்.

செப்டெம்பர் 11, வியாழன்

கிளினிக். சரியான சனம். மின்விசிறி ஒன்றுதான் சுற்றுகிறது.

அத்தானைக் கதிரையில் இருத்தி எழுத்துப் பலகையைக் காட்டினோம். மேலே பெரிய எழுத்து. அடுத்த வரி. அடுத்தது. கீழே வரக் கொஞ்சம் திணறினார், ஆனாலும் நிறுத்தவில்லை. தர்சினி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள், வேலை இருந்தும் போகவில்லை. அக்கா ஒவ்வொரு எழுத்துக்கும் தலையாட்டினாள், சரியோ பிழையோ அவளுக்குத் தெரியாது.

டொ. கண் பார்க்கும் கருவியில் முகத்தைக் கொடுத்து நாடியை ஊன்றச் சொல்லிப் பார்த்தார். “வத்திட்டுது” என்றார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. இவ்வளவு நாளும் அவரும் நன்றாகத் தூங்கியிருக்க மாட்டார் என்று அப்போதுதான் பட்டது.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும். அவருக்கு, தர்சினிக்கு, யாரென்றே தெரியாத அந்தக் குழல் செய்தவனுக்கு.

அத்தான் நாடியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே இருந்த முகத்தை முதல் தடவையாக வடிவாகப் பார்த்தார். மேலிருந்து கீழ். மீசை சரியாக முளைக்காத உதடு வரை. என் பக்கம் திரும்பினார்.

“என்ன பிள்ளை, இந்தச் சின்னப் பெடியனோ என்ர கண்ணுக்குள்ள கையை விட்டது? முதலே தெரிஞ்சிருந்தா நான் கொக்கிளாயை விட்டு வெளிக்கிட்டிருக்க மாட்டன்.”

சொல்லிக்கொண்டே கதிரையை விட்டு எழும்பி, டொக்டரின் தலையில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

“ஐயா என்ன சொன்னது மிஸ்?”

“நன்றி சொல்றார், டொக்டர்.”

“அப்ப தர்சினி ஏன் சிரிக்கிறது?”