சூடான டயரில் கை வைக்காதே

குறிஞ்சிப்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இளமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கண்ணுக்குத் தெரிந்த வரை நலம், தெரியாததை டாக்டர்தான் சொல்ல வேண்டும். புனேயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நான் நம்புகிறேன், அம்மா நம்பவில்லை, அதனால்தான் இந்த முறுக்கு டப்பா. போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறக்கும்போதே உன் அம்மா சௌந்தரம் பிடுங்கிக்கொள்கிறாள், அவள் தம்பி தோற்ற கதை உன் காதுக்கு வரக் கூடாதாம். ஆகவே கடிதத்தை டப்பாவுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

விஷயம் உன் மாமா சிங்காரத்தின் பிக்கப் வண்டி. இங்கிருந்து முட்டை ஏற்றி அண்ணாமலை நகர் மெஸ்ஸுக்குப் போகிறானே, அந்த வண்டியின் பின் டயர் இந்த வெயிலில் இரண்டு முறை வெடித்தது. இரண்டு முறையும் சமையல் முடிந்த பிறகுதான் முட்டை போய்ச் சேர்ந்தது. மெஸ் நடத்தும் தேவசகாயம் நல்ல மனிதர், ஆனால் பிள்ளைகள் தட்டோடு நின்றால் அவரும் என்ன செய்வார், இன்னொரு வாட்டி லேட்டானா நாமக்கல் வண்டிக்கே சொல்லிடுவேன், தப்பா எடுத்துக்காத என்று சொல்லிவிட்டார். அந்த ஓட்டம் போனால் வண்டியை விற்றுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு மறுபடி திருப்பூருக்கு வேலைக்குத்தான் போக வேண்டும் என்று உன் மாமா முகம் தொங்கிப்போய்ச் சொன்னான்.

ரோட்டைத் திட்டினான், டயர் கம்பெனியைத் திட்டினான். நான் கேட்டது ஒன்றுதான், காற்று எவ்வளவு வைக்கிறாய். வெயில் காலத்துல ஃபுல்லா வெச்சா வெடிச்சிடும் மாமா, கம்மியா வெச்சா முட்டையும் ஆடாது என்றான். அது போதாதென்று புவனகிரியில் டீக்கு நிறுத்தும் பங்கில் கொதிக்கிற டயரில் கேஜ் வைத்துப் பார்த்து, ஜாஸ்தியாயிடுச்சு என்று இன்னும் இறக்கிவிடுகிறான். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஓடின டயரில் அழுத்தம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அதைத் தெரிந்துதான் வண்டி செய்தவன் ஆறின டயருக்கு அளவு கொடுக்கிறான். காற்று குறைந்த டயர் சுமையில் நசுங்கி நசுங்கி எழுந்து, பக்கச்சுவர் வளைந்து வளைந்து தானே சூடாகி வெடிக்கும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பார், விரல் சுடும், அதேதான். சிப்காட் கம்பெனியில் தினமும் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டுகிற நான் சொன்னால் அவன் காதில் ஏறவில்லை. உன் அம்மா வேறு, அவன் பத்து வருஷமா வண்டி ஓட்டுறான், நீங்க ஸ்கூட்டர்தான ஓட்டுறீங்க என்று நடுவில் வந்தாள்.

வாயால் ஆகாது என்று சித்திரையில் ஒருநாள் லீவு போட்டு, விடிந்ததும் டயர் ஆறியிருக்கும்போதே பம்ப்போடு போய் நின்றேன். டிரைவர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் காற்றளவு போட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும், காணோம். பார்த்தால் அதன் மேல் முருகன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான். வண்டி வாங்கிய அன்று பூஜை போட்டு ஒட்டினதாம். முருகனைப் பக்குவமாக உரித்து டேஷ்போர்டில் குடியேற்றினேன். கீழே வெறும் வண்டிக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று, முன்னால் பின்னால் தனித்தனியாகத் தெளிவாகப் போட்டிருந்தது. டயர்லயே நம்பர் இருக்கே மாமா என்றான். அது டயர் தாங்குகிற உச்சம், உன் வண்டிக்கு வேண்டியது இது என்று முன்னால் முப்பத்தைந்தும், பின்னால் சுமைக்கான ஐம்பத்தைந்தும் வைத்தேன். முட்டை உடைவது அடுக்கு ஆடுவதால், அதற்கு டயர் என்ன செய்யும், இடுக்கில் பழைய மெத்தையைத் திணித்துக் கயிற்றால் இறுக்கினேன். திரும்பும்போது வெறும் வண்டி தூக்கிப் போடுமே என்று இழுத்தான். அப்போது முட்டை இல்லை, உன் இடுப்புதானே, தாங்கட்டும் என்றேன்.

நானும் ஏறி உட்கார்ந்தேன். புவனகிரியில் பழக்கதோஷத்தில் கேஜை நோக்கி நடந்தான். டயர்ல கை வெச்ச, நான் பஸ்ல போயிடுவேன், உங்க அக்காவுக்கு நீயே பதில் சொல்லிக்க என்றேன், அடங்கினான். அடுப்பு மூட்டும் முன்பே மெஸ்ஸில் நின்றோம். தேவசகாயம் ஒவ்வொரு அட்டையாகத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தார், ஈரமில்லை. அன்றிலிருந்து அக்னி நட்சத்திரம் முடியும் வரை தினமும் ஓடிவிட்டது, டயர் அப்படியே இருக்கிறது. இப்போது பக்கத்து மெஸ்ஸுக்கும் இவனையே சொல்லிவிட்டார். திருப்பூர்ப் பேச்சே இல்லை.

நேற்று சிதம்பரத்தில் வேலையாக அவனோடு போனேன். அதே புவனகிரி பங்கில் இன்னொரு லோடு வண்டிக்காரர் குனிந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். உன் மாமா டீயை வைத்துவிட்டு நேராகப் போய், சூடான டயர்ல கை வெக்காத மச்சான், காலைல ஆறினப்புறம் பாரு, கதவுல ஸ்டிக்கர் இருக்கும், சாமி படம் ஒட்டியிருந்தா எடுத்துட்டுப் பாரு என்றான். யார் சொன்னது என்று அவர் கேட்க, எல்லாம் நம்ம அனுபவம்தான் என்கிறான். எனக்கு டீ புரையேறிவிட்டது.

நீயும் ஸ்கூட்டருக்குக் காலையில் கிளம்பும் முன் காற்று பார், ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகு பார்க்காதே. டப்பாவை இறுக்கி மூடு, முறுக்கு நமுத்துவிடும். கடிதம் வந்ததை அம்மாவிடம் சொல்லாதே. கிளம்பின காரியமெல்லாம் வழியில் நிற்காமல் நீ நல்லபடியாகப் போய்ச் சேர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டத் தெரிந்த உன் அப்பா,
செம்பியன்