உனைசா யார்?

பினாங்கு
28-1-1956

அன்பிற்குரிய சபுரா நாச்சியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளையும் சுகம் என்று கோட்டைப்பட்டினத்திலிருந்து தந்தி வந்ததும் கடையில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தேன். பெண் பிள்ளை என்பதில் எனக்குக் குறையில்லை. பிள்ளை யார் சாயல் என்று எழுது. உன் மூக்கு வந்திருந்தால் எனக்குச் சந்தோஷம். என் காது வந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இந்தத் தாளை மட்டும் தனியாக மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். வழக்கம்போல் என் உம்மாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது இதை விட்டுவிடு. பிள்ளைக்கு உனைசா என்று பெயர் வை. ஒரு கிதாபில் படித்தேன், மனதுக்குப் பிடித்துவிட்டது. உம்மா கேட்டால் நீயே தேர்ந்த பெயர் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன்,
நெய்னா முகம்மது

கோட்டைப்பட்டினம்
19-2-1956

அன்பு மச்சான் அவர்களுக்கு,

சலாம். பிள்ளைக்குக் காது உங்களுடையதுதான். பக்கத்தில் கிடத்தினால் விளக்கு வெளிச்சம் மறைகிறது.

நீங்கள் தனியாக வைத்த தாளை மாமிக்குப் படிக்கவில்லை. ஆனால் எனக்குப் படித்துப் படித்து மனப்பாடம் ஆகிவிட்டது. நம் வீடுகளில் போய்ச் சேர்ந்தவர்களின் பெயரைத்தான் பிறக்கிற பிள்ளைக்கு வைப்போம். உயிரோடு இருப்பவர் பெயரை வைத்தால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்று உங்களுக்கும் தெரியும். உங்கள் பக்கத்திலும் என் பக்கத்திலும் உனைசா என்று யாரும் மவுத்தானதாக நான் கேட்டதில்லை. உங்கள் அத்தாவைப் பெற்ற ராவியாவின் பெயரைத்தான் வைப்போம் என்று மாமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஓதுகிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். பாத்திமா நிறைய, மரியம் நிறைய, ஜெய்னம்பு தெருவுக்கு ஒன்று. ஜெகதாப்பட்டினத்திலும் மீமிசலிலும் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். இந்தக் கரையில் ஒரு உனைசாவும் இல்லை. பிறகு அடுத்த வீட்டுக்காரியின் பேரப்பிள்ளைக்கு ஓத வந்த ஆலிம்சாவிடம் அவளே கேட்பதுபோல் கேட்கச் செய்தேன். அது சுத்தமான அரபுப் பெயர், நபிகளார் காலத்தில் மதீனாவில் அந்தப் பெயரில் ஒரு அம்மையார் இருந்தார்கள் என்றார். அர்த்தமும் சொன்னார். தனிமையில் இருப்பவருக்கு இதமான துணை.

மச்சான், பினாங்கில் நீங்கள் தனிமையில் இருக்கிறீர்கள். துணை யார்?

எந்தக் கிதாபு என்று எழுதுங்கள். நானும் பார்க்கிறேன்.

சபுரா

பினாங்கு
12-3-1956

அன்பு சபுராவுக்கு,

உன் கடிதம் கண்டு சிரித்தேன். கிதாபின் பெயர் நினைவில்லை. இங்கே இது எல்லோரும் வைக்கிற பெயர்தான், தெருவில் நின்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். நம் ஊரில் புதிதாக இருப்பதால் உனக்கு என்னென்னவோ தோன்றுகிறது.

நாற்பது நாள் கழிந்தும் பிள்ளைக்குப் பெயர் இல்லை என்றால் ஊர் பேசும். தாமதிக்க வேண்டாம். என் மேல் உனக்கு நம்பிக்கை உண்டென்றால் இந்த ஒன்றைச் செய். உம்மாவிடம் மட்டும் என் பெயர் வர வேண்டாம். கைலி இரண்டும் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பியும் ஊருக்கு வருகிற அம்மாபட்டினம் காதர் மீரா வசம் அனுப்பியிருக்கிறேன்.

நெய்னா முகம்மது

கோட்டைப்பட்டினம்
5-4-1956

மச்சான் அவர்களுக்கு,

கைலியும் தொப்பியும் வந்தன. இந்த வெயிலில் கம்பளித் தொப்பியை என்ன செய்வதென்று தெரியவில்லை. பூனைக்குப் போட்டுப் பார்த்தேன், அதுவும் கழற்றிவிட்டது.

கொண்டுவந்த காதர் மீரா காக்காவுக்கும் அவர் பெண்சாதிக்கும் சோறு போட்டேன். பினாங்கில் உனைசா என்ற பெயர் ரொம்பப் பேருக்கு உண்டாமே என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். மனுசர் யோசிக்காமல் சொன்னார்: "அப்புடியெல்லாம் இல்லையே தங்கச்சி. இத்தன வருசத்துல அந்தப் பேருல ஒரே ஒரு புள்ளையத்தான் கேள்விப்பட்டிருக்கேன். ஆயர் ஹித்தாம் பக்கம் வீடு. நெய்னா கூட வெள்ளிக்கிழம தொழுதுட்டு அங்கிட்டுத்தானே போவாக." அதற்குள் அவர் பெண்சாதி அவர் தொடையைக் கிள்ளினாள். அதற்குப் பிறகு மீன் ருசியைப் பற்றியே பேசினார்.

முதலில் கிதாபு. பிறகு தெருவுக்குப் பத்துப் பேர். இப்போது ஒரே ஒரு பெண். அடுத்த கடிதத்தில் என்ன எழுதுவதாக இருக்கிறீர்கள்?

என்னிடம் மறைத்து ஒருத்தியோடு குடும்பம் நடத்துவது ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் பெயரை என் மடியில் கிடக்கிற பிள்ளைக்கு வைத்து, நாள் முழுக்க என் வாயாலேயே கூப்பிடச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அவள் கேட்டாளா அப்படி? நான் சாப்பிடுவதில்லை. பால் குறைந்துவிட்டது. மாமி ஏன் என்று கேட்கிறார்கள், உடம்பு என்கிறேன்.

உண்மையை எழுதினால் படிக்கிறேன். இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் உம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். ராவியா என்று நானே பெயர் வைத்துக்கொள்வேன்.

சபுரா நாச்சியா

பினாங்கு
24-4-1956

சபுரா,

எனக்கு வேறு மனைவி இல்லை. அல்லாஹ் மேல் ஆணை.

இருந்தது என்னைப் பெற்ற அத்தாவுக்கு. அவர் இங்கே கடை வைத்திருந்த காலத்தில் ஒரு மலாய்க்காரப் பெண்ணை நிக்காஹ் செய்திருக்கிறார். ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஆளில்லாத ஊரில் தனக்குத் துணையாகப் பிறந்தவள் என்று அத்தாவே தேடி வைத்த பெயர் உனைசா. உலக யுத்தத்துக்கு முந்தின வருசம் அத்தா காய்ச்சலோடு ஊருக்கு வந்தாரே, திரும்பிப் போகவே இல்லையே, அப்போது அவள் சின்னப் பிள்ளை. அவள் தாயும் பிறகு போய்விட்டாள். நான் வந்த மறு வருசம் அவளே விசாரித்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். காதைப் பார்த்தே யார் என்று தெரிந்துகொண்டேன். ஊரில் தங்கைகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் காக்கா என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

நெஞ்சு நோய். வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுக்கால் சூப்பு வாங்கிக்கொண்டு போவேன். நம் பிள்ளை பிறந்த செய்தி வருவதற்குச் சில நாள் முன்பு மவுத்தாகிவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை. அவள் பெயரை எடுத்து வைக்க அவளுக்கென்று ஒரு வீடு இல்லை, சபுரா. நம் வீடுதான் இருந்தது.

உம்மாவுக்கு இது தெரியாது. இந்த வயதில் தெரிந்தால் தாங்கமாட்டார்கள். அதனால்தான் உன்னிடமும் பொய்யாய்ச் சொன்னேன். இனி உன் விருப்பம். ராவியா என்று வைத்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

நெய்னா முகம்மது

கோட்டைப்பட்டினம்
17-5-1956

அன்பு மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னும் ஒருமுறை சந்தேகப்பட்டேன். இதுவும் ஒரு கதையோ என்று காதர் மீரா காக்கா வீட்டுக்கே போய், அந்தப் பிள்ளை உங்களுக்கு யார் என்று நேராகவே கேட்டேன். "தங்கச்சின்னுதான் எங்ககிட்டல்லாம் சொல்லுவாக, ஊருல சொல்லக் கூடாதுன்னாக. மய்யித்த அவுகதான் தோள்ல தூக்குனாக" என்றார். அதற்குப் பிறகுதான் நெஞ்சுப் பாரம் இறங்கியது.

வியாழக்கிழமை ஆலிம்சாவை வரச் சொல்லிப் பெயர் வைத்தோம். மாமி ராவியா என்று சொல்லக் காத்திருந்தார்கள். நான் முந்திக்கொண்டு உனைசா என்றேன். மதீனாவில் இருந்த அம்மையார் பெயர், நானே தேர்ந்தேன் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். ஆலிம்சா நல்ல பெயர் என்று ஓதி வைத்தார்.

மாமி பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்.

"அந்தப் புள்ள எப்ப மவுத்தாச்சு?"

எந்தப் பிள்ளை என்றேன்.

"ஏங்கிட்டயே மறைக்காத. ஒங்க மாமா கடைசியா காய்ச்சல்ல கெடந்தப்ப ஏம்பேரச் சொல்லல. உனைசா, உனைசான்னுதான் பொலம்புனாக. யாரோ ஒருத்தின்னு நெனச்சு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அப்பறம், உனைசா மழையில நிக்காதே, உள்ள வான்னாக. பொண்டாட்டிய யாரு அப்புடிக் கூப்புடுவா? புள்ளைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இருக்கிறவ பேர நம்ம வீட்டுல வைக்க மாட்டோமே. அப்ப அவ போயிட்டா."

ஆலிம்சாவைப் போக வேண்டாம் என்று உட்கார வைத்து, அந்தப் பெண்ணுக்காக யாசீன் ஓதச் சொன்னார்கள். ஓதி முடிக்கும் வரை பிள்ளையை என்னிடம் தரவில்லை. அன்று ராத்திரி உங்களுக்கு இதை அப்படியே எழுதச் சொன்னார்கள்: "நெய்னா, ஒந் தங்கச்சிய ஏண்டா ஊருக்குக் கூட்டிட்டு வரல? நான் சோறு போடமாட்டேன்னா நெனச்ச?"

மச்சான், போட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. மாமிக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதார்கள்.

உங்கள் அத்தா சொல்லாமல் போனார்கள். நீங்களும் சொல்லாமல் இருந்தீர்கள். மாமி தெரிந்தும் இத்தனை வருசம் யாரையும் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பொறுமை வராது. ஒன்றுக்கு நூறு முறை கேட்பேன். கடையை யாரிடமாவது விட்டுவிட்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உனைசாவின் உம்மா