அமெரிக்கா நீங்கலாக

வில்லாபுரம், மதுரை
6.9.1987

அன்புள்ள தங்கப்பொண்ணுக்கு,

இங்கே நானும் வீடும் கொல்லையில் இருக்கிற முருங்கை மரமும் சுகம். அங்கே நீயும், மகன் முத்திருளனும், மருமகள் அன்னக்கொடியும், அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க மீனாட்சி துணை இருப்பாள்.

கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். நாம் பிரிந்திருந்தால்தானே எழுதுவதற்கு! லீவுக்கு வந்த மகன் உன்னைக் கையோடு கூட்டிப்போன நேரம் பார்த்து என் பாஸ்போர்ட் வராமல் போனது. அது வந்து சேர்ந்துவிட்டது, விசாவும் ஆகிவிட்டது. அக்டோபர் பதினெட்டாம் தேதி பம்பாயிலிருந்து விமானம். தீபாவளிக்கு நான் உங்களோடு சிகாகோவில் இருப்பேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் பெரிது பெரிதாக எழுதுகிறேன். மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே.

மகன் போன கடிதத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான், பயண இன்சூரன்ஸ் எடுக்காமல் விமானம் ஏறக்கூடாது என்று. அவனுடைய பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா ஊரிலிருந்து வந்த இடத்தில் ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்தாராம். அதற்காக அந்தப் பையன் காரை விற்றானாம். நாலு நாளுக்கு ஒரு கார் என்றால், நம்ம பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிற நோயாளிகளுக்கெல்லாம் எத்தனை கார் போயிருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். ஆனாலும் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளை பெறப்போகிற வீட்டுக்குப் போய் நான் பாரமாக இருக்கக்கூடாது.

உன் சித்தப்பா மகன் நல்லகாமன்தான் இப்போது இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கிறானே, அவனுக்குச் சொல்லி அனுப்பினேன். மாப்பிள்ளை சைக்கிளில் பறந்து வந்தான். ஏதோ கல்யாணத்துக்குப் போகிற அவசரம். இரண்டு பாரத்தைக் கையில் திணித்து, "மச்சான், ரெண்டு தினுசு இருக்கு. மேல சீட்டுல தமிழ்ல எழுதிக் குத்தி வச்சிருக்கேன். எது வேணுமோ அதை நிரப்பி வைங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

ஒன்றில் "அமெரிக்கா உள்பட" என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் "அமெரிக்கா நீங்களாக" என்று இருந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீ முன்னாலேயே போய்விட்டாய். நான் தனியாள். "உள்பட" என்றால் குடும்பம் உள்பட, அது எனக்கு எதற்கு? நீங்களாகத் தனியே போகிறவருக்கு உள்ளதை எடுத்து நிரப்பினேன். அது மலிவாகவும் இருந்தது. எந்த நாடு என்று கேட்ட கட்டம் தீப்பெட்டி அளவுதான். விமானம் முதலில் இறங்குவது பிராங்க்பர்ட் என்று மகன் எழுதியிருந்தானே, அதனால் ஜெர்மனி என்று எழுதினேன். பஸ் கம்பெனியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு, முதல் நிறுத்தத்தை முதலில் எழுத வேண்டும் என்று தெரியாதா?

கடைசியில் ஒரு கட்டம், ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்று. இல்லை என்று எழுதினேன். அறுபது தாண்டினவர்களுக்குத்தான் டாக்டர் சோதனையாம். எனக்கு ஐம்பத்தொன்பதுதானே.

சாம்பார் வைக்கப் பழகிவிட்டேன். புளி மட்டும் எவ்வளவு என்று பிடிபடவில்லை. தினமும் மெட்ராஸ் விமானம் நம் மொட்டை மாடிக்கு மேலே போகும்போது ஏறிப்போய்ப் பார்க்கிறேன். எதிர்வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உன் கணவன்,
க. கண்ணுச்சாமி

*

வில்லாபுரம்
14.9.1987

அன்புள்ள தங்கத்துக்கு,

போன கடிதத்தில் நான் எழுதிய இன்சூரன்ஸ் பெருமையை எல்லாம் அழித்துவிடு. உன் புருஷன் ஒரு வடிகட்டின முட்டாள் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. வேறு யார் வழியாகவாவது உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பாலிசி வந்தது. எல்லாம் இங்கிலீஷ். பசுமலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற பஞ்சாபகேசன் சார் அடுத்த தெருவில் இருக்கிறாரே, அவரிடம் காட்டி ஒருமுறை பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துப்போனேன். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். பிறகு, "கண்ணுச்சாமி, உமக்கு ஆப்பிரிக்காவுல காய்ச்சல் வந்தா இவன் பணம் குடுப்பான். ஜப்பான்ல கால் ஒடிஞ்சா குடுப்பான். அமெரிக்காவுல மட்டும் உமக்கு என்ன ஆனாலும் தம்பிடி குடுக்க மாட்டான்" என்றார்.

பாரத்திலிருந்து எடுத்து வைத்திருந்த நல்லகாமனின் சீட்டைக் காட்டி, "நீங்களாகன்னுதானே சார் போட்டிருக்கு?" என்று கேட்டேன். அவர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். அது சின்ன 'ல' போட வேண்டிய இடமாம். "நீங்கலாக." அமெரிக்காவைத் தவிர மற்ற எல்லா நாட்டுக்கும் என்று அர்த்தம். நம் மாப்பிள்ளை பெரிய 'ள'வைப் போட்டு வைத்திருக்கிறான். நானும் என்னை மரியாதையாக "நீங்கள்" என்று அழைத்திருக்கிறான் என்று நம்பிவிட்டேன்!

நல்லகாமனைப் பிடித்து உலுக்கினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "மச்சான், எனக்குப் பள்ளிக்கூடத்துலேருந்தே அந்த ரெண்டும் ஒண்ணுதான். ஒரு எழுத்து மாறுனதுக்கா இம்புட்டுக் கோவம்?" என்கிறான். உன் குடும்பமே இப்படித்தான் என்று வாய்வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். நீ ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் அது உன் காதில் விழும்.

வாழ்நாள் முழுக்க செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து, சோழவந்தான் பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவனை எல்லாம் இறக்கிவிட்டவன் நான். செல்லாத டிக்கெட்டோடு கடல் தாண்டப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு அடங்கவில்லை.

அந்தப் பாலிசியை ரத்து செய்து, "உள்பட" என்கிற பாரத்தை நல்லகாமன் கொண்டுவந்து கொடுத்தான். இந்தமுறை எழுத்துப் பிழை வராமல் இருக்க, பஞ்சாபகேசன் சார் வீட்டில் அவர் முன்னாலேயே உட்கார்ந்து நிரப்பினேன். நாடு, அமெரிக்கா. எல்லாம் சரி. அந்த நோய்க் கட்டம் வந்தது.

தங்கம், பஸ்ஸில் நான் ஏறினதும் யாரிடம் டிக்கெட் இல்லை என்று கேட்காமலே கண்டுபிடித்துவிடுவேன். அவன் ஒருவன்தான் சன்னலுக்கு வெளியே பார்ப்பான். அந்தக் கட்டத்துக்கு நேரே பேனா வந்ததும் நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பங்குனியில் சோழவந்தானுக்கு அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்தோமே, வெற்றிலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடி வந்தவன் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று உன்னிடம் சொன்னேன். வெயில் இல்லை. நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தின மாதிரி இருந்தது. மறுநாள் உனக்குத் தெரியாமல் டாக்டரிடம் போனேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுத்தார். அதைச் சவரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நீ தொடாத இடம் வீட்டில் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தது. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ என்னைத் தனியே விட்டு மகனோடு போகமாட்டாய், அங்கே அன்னக்கொடிக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது இல்லை என்று எழுதிவிட்டு வந்து, அங்கே எனக்கு ஏதாவது ஆனால், பொய் சொன்னவன் என்று ஒரு காசும் தரமாட்டார்கள். மகன் காரை மட்டுமா விற்பான்? உண்டு என்று எழுதினால் டாக்டர் சோதனை, சர்டிபிகேட். அவர் போகாதே என்று சொல்லிவிட்டால்? அவர் விட்டாலும் நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? எனக்கு இந்த இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது.

உண்டு என்று எழுதிவிட்டேன். பஞ்சாபகேசன் சார் என் தோளைத் தட்டினார். நாளைக்கு டாக்டரிடம் போகிறேன். இதை நீ படித்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
கண்ணுச்சாமி

*

வில்லாபுரம்
3.10.1987

என் தங்கத்துக்கு,

தந்தி வந்த அன்றைக்கு நம் தெரு முழுக்கச் சீனி கொடுத்தேன். பேத்தி! தாயும் பிள்ளையும் நலம் என்ற வரியைத் தபால்காரரையே நாலு முறை படிக்கச் சொன்னேன். அன்னக்கொடிக்கு என் ஆசீர்வாதம். நம் வீட்டில் பெண் பிறந்து இரண்டு தலைமுறை ஆகிறது. நல்லகாமன் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்த 'ள'வுக்குப் பிராயச்சித்தம் என்றான். கொலுசு என்று டப்பாவின் மேல் எழுதியிருக்கிறான், அதிலும் பிழை.

நேற்றுக் காலையில் நீயும் மகனும் பஞ்சாபகேசன் சார் வீட்டு டெலிபோனில் கூப்பிட்டதை நினைத்தால் இன்னும் காது சூடாக இருக்கிறது. மூச்சுவிடாமல் மூன்று நிமிஷம் திட்டினாய். சவரப் பெட்டியிலிருந்து ஆரம்பித்து, எனக்குப் பெண் கொடுத்த உன் அப்பா வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. அந்த மூன்று நிமிஷமும் நான் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேனாம். வாத்தியாரம்மா சொன்னார்கள். எனக்குத் தெரியாது. உன் குரல் கேட்டு இரண்டு மாசம் ஆகிறது, அது மட்டும்தான் தெரிந்தது.

அவசரத்தில் உன்னிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்ல முடியவில்லை. டாக்டர் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார், மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். ரத்தம் போகிற பாதை கொஞ்சம் குறுகலாக இருக்கிறதாம், ஆனால் மாத்திரையில் அடங்குகிற அளவுதானாம். பெட்டி தூக்காமல், ஓடாமல், பதறாமல் போய்வரலாம் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். பாலிசியும் வந்துவிட்டது. பஞ்சாபகேசன் சார் அதைப் படித்து, மேலே தம் கையாலேயே தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: "அமெரிக்கா உள்பட. இருதய நோய் நீங்கலாக." முன்பே இருந்த நோய்க்குத் தரமாட்டார்களாம். காய்ச்சலுக்கு உண்டு, கால் ஒடிந்தால் உண்டு. நெஞ்சுக்கு மட்டும் கிடையாது.

இதைத்தான் டெலிபோனில் மகனிடம் சொன்னேன். அவன், "அப்பா, அப்ப இந்த வருஷம் வேண்டாம். சித்திரையில நாங்களே பிள்ளையத் தூக்கிட்டு வாரோம்" என்றான். அவன் பேரில் தப்பில்லை. என் நல்லதுக்கும் அவன் வீட்டு நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொன்னான். அப்போது நீ அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாய் பார், அங்கேதான் தங்கம் நான் தப்பித்தேன். "அந்தத் தாளுல நெஞ்சு இல்லாட்டிப் போகுது. இம்புட்டு வருஷம் எந்தத் தாளைப் பாத்து நான் உங்களுக்குக் கஞ்சி ஊத்துனேன்? டாக்டர் விட்டுட்டாருல்ல? மாத்திரையை எடுத்துக்கிட்டு வந்து சேருங்க" என்றாய். பின்னால் மகன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "சரி, வாங்கப்பா" என்று அவனும் சொல்லிவிட்டான்.

பெட்டி கட்டியாகிவிட்டது. பம்பாய் வரைக்கும் நல்லகாமன் கூட வருகிறான், பெட்டி தூக்குவதற்கு. மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறது. இனி உனக்குத் தெரியாமல் என்னிடம் எதுவும் இல்லை.

பேத்திக்கு உன் கையால் திருநீறு பூசிவிடு. நல்ல ஆயுசோடும் உன்னைப்போல் வாயோடும் இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். விமான நிலையத்துக்கு மகன் வந்தால் போதாது, நீயும் வர வேண்டும். பச்சைப்பிள்ளையைக் குளிரில் தூக்கிக்கொண்டு வராதே. எல்லோரும் நான் பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நீ வந்து வாசலில் நில். நான் முதலில் உன்னைப் பார்க்க வேண்டும்.

என்றும் உன்,
கண்ணுச்சாமி