அப்பா பங்குக்கு முப்பது

அன்பு மகன் டாரெலுக்கு,

நானும் நாயும் சுகம். நீ இருக்கும் வடக்கு டகோட்டாவில் இந்நேரம் பனி கொட்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், வீம்பு பிடிக்காமல் போட்டுக்கொள்.

தானியக் கிடங்கின் மேல் போட்ட வழக்கு முடிந்தது. ஜெயித்துவிட்டோம். ஆனாலும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊர்க்காரர்கள் உட்காரும் ஜூரியே வேண்டாம், நீதிபதி மட்டும் விசாரிக்கட்டும் என்று நம் வக்கீல் புரூஷா தலையால் அடித்துக்கொண்டார். ஊரே அந்தக் கிடங்குக்குத்தான் சோளம் விற்கிறது, எதிர்த்து யார் தீர்ப்புச் சொல்வார்கள் என்றார். நான் கேட்கவில்லை. சோளம் கொண்டுபோன உன் அப்பாவைப் பெரிய தானியக் குதிரில் அடைப்பெடுக்க இறக்கிவிட்டு, சோளம் மூடிச் சாகவிட்டார்கள். நீதிபதி சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டாதது அப்பா தப்பு என்று முடித்துவிடுவார். "சீக்கிரம் இறங்குய்யா" என்று மேனேஜர் கத்தும்போது யார் கயிறு தேடுவார்கள் என்பது குதிரில் இறங்கிய நம் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

ஜூரிக்கு ஆள் பொறுக்கும்போது, கிடங்கோடு வியாபாரம் உள்ளவர்கள் யார் என்று கேட்டார்கள். அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். "இவங்களை எல்லாம் கழிச்சா மிச்சம் போதகரும் அவர் பூனையும்தான்" என்று புரூஷா முணுமுணுத்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

யார் மேல் எவ்வளவு தப்பு என்று ஜூரி நூற்றுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும். கிடங்குக்கு எழுபது என்றார்கள். அப்பாவுக்கு முப்பது. செத்தவர் மேல் முப்பதா! அவர் அடக்கத்தன்று சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்தானே இவர்கள்?

ஜூரியில் இருந்த ஆர்டித் போல்மன் வாசலில் காத்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விடாமல் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் வீட்டுக்காரர் ஆர்வில் மேல தப்பே இல்லைன்னு எழுதத்தான்டி எல்லாருக்கும் ஆசை. அப்படி எழுதிட்டா நாளைக்கே எங்க பசங்க, ஆர்வில் மேலயே தப்பில்லையாமேன்னு கயிறில்லாம இறங்குவானுங்க. எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நான் தடுப்பேன், வெர்லீன்?" என்று அழுதாள்.

கையை விடுவித்துக்கொண்டு போய்க் காரில் ஏறினேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் காரை ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் அவள் பிள்ளைகளை நினைக்கவில்லை, உன்னைத்தான் நினைத்தேன்.

நீயும் அங்கே ஒரு கிடங்கில்தான் இருக்கிறாய். கயிறு கட்டுகிறாயா என்று இதுவரை நான் கேட்டதில்லை. என்ன சொல்வாயோ என்று பயம். இப்போது கேட்கிறேன். எவன் கத்தினாலும் கத்தட்டும், வேலை போனாலும் போகட்டும், கட்டிக்கொண்டு இறங்கு. உன் பங்குக்கு எத்தனை என்று எந்த ஜூரியும் என் முன்னால் சொல்ல வேண்டாம், கண்ணே.

கர்த்தர் உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

உன் அம்மா,
வெர்லீன்