திரும்பி வந்த ரேகைகள்

இஞ்சாருங்கோ,

இன்று உங்கள் சேமலாப நிதிக் காசை எடுக்கும் அலுவலாகக் கந்தோருக்குப் போயிருந்தேன். மேசைக்கு அங்கால் இருந்த பிள்ளை மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளி, "பெருவிரலை வையுங்கோ அக்கா" என்றாள். மூடி திறந்ததுமே அந்த மணம் வந்துவிட்டது. எங்கள் குசினி மேசையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணெண்ணெயோடு கலந்து மணக்கும் அதே கறுத்த மை. விரலை வைக்காமல் அப்படியே நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற, சல்லிக் கிராமத்து அம்மா ஒருவர், "பயப்பிடாதேங்கோ பிள்ளை, சவர்க்காரம் போட்டாப் போயிடும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மையில் விரல் உருட்டுவதையே படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு இந்த ஆறுதல். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் அந்த அம்மாவோடு சேர்ந்து என்னைப் பகிடி பண்ணியிருப்பீர்கள். விரலை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இன்னும் கழுவவில்லை.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழியில் தடயவியல் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? லிங்கநகரிலிருந்து வந்திருந்த உங்கள் தங்கச்சி, "இந்த வயசில அண்ணி பிணத்தையோ படிக்கப் போறா?" என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நான் வாயைத் திறக்க முன்னம் நீங்கள், "பிணமெண்டாலும் சொல்லுறதைக் கேக்கும். உங்களை மாதிரி எதிர்க்கதை கதைக்காது" என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

படிப்பு என்றால் சும்மா படிப்பா அது? வேலை முடிந்து அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்து சேரும்போதே கால் இரண்டும் வீங்கியிருக்கும். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வகுப்பில் இருப்பேன். நீங்கள் குசினியில் சத்தம் வராமல் சட்டி மூடியைத் துணி சுற்றி வைப்பீர்கள். செய்முறைப் பாடத்துக்கு ஆய்வுகூடமும் ஆட்களும் மற்ற மாணவர்களுக்கு இருந்தன. எனக்கு நீங்கள்தான் இருந்தீர்கள். பாதச்சுவடு எடுக்கவென்று உட்துறைமுகக் கரையில் உங்களை நடக்கவிட்டேன். முதலில் சாதாரணமாக, பிறகு நொண்டி நொண்டி, பிறகு அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணை, என்ன, கோயிலுக்கு நேத்தியோ?" என்று மரியாதையாகக் கேட்டார். "ஓம் தம்பி. கலியாணம் கட்டின நேத்தி" என்றீர்கள். நான் அளவு நாடாவோடு மண்ணில் குந்தியிருந்து சிரித்ததில் ஒரு சுவடு அழிந்துபோய், உங்களைத் திரும்பவும் மூட்டை தூக்க வைத்தேன்.

ஆய்வுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தபோதும் உங்கள் கைதான் கிடைத்தது. கப்பல் திருத்தும் வேர்க்ஷொப்பில் இரும்போடும் கிறீசோடும் கிடக்கிற கை. வேலையால் விரல்ரேகை எப்படித் தேய்கிறது என்று ஒரே ஆளிடம் தொடர்ந்து எடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டுவீர்கள்.

"அமத்தாதேங்கோ. உருட்டுங்கோ."

"விரல் என்ரைதானே, எனக்குத் தெரியாதோ?"

"உங்களுக்கு ஒண்டும் தெரியாது. கையைத் தளத்தி விடுங்கோ."

எவ்வளவு அதட்டியிருக்கிறேன் உங்களை. அந்தக் கையை என் கைக்குள் வைத்திருக்கும் நேரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லாமலே அதட்டினேன். அது உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு குடலில் கட்டி என்றார்கள். கண்டியில் ஒப்பரேசன் செய்து, புற்றுநோய்க்குக் குளிசை தந்து அனுப்பினார்கள். குளிசை தொடங்கிக் கொஞ்சக் காலத்தில் உள்ளங்கை சிவந்து, தோல் உரிந்து, நுனிவிரல்கள் மினுங்கத் தொடங்கின. நட்டு முறுக்கும் சாவி பிடிக்க ஏலாது என்று வேர்க்ஷொப்பில் உங்களைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். அதையும் நீங்கள் பெரிதாக எடுக்கவில்லை. வாசலில் வரவு பதிகிற மெசின்தான் உங்களை உடைத்தது. விரலை வைத்தால் சிவப்பு வெளிச்சம். திரும்ப வைத்தாலும் சிவப்பு. பின்னால் பொடியன்கள் வரிசையில் நிற்க, காவலாளி உங்களை ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கச் சொல்லியிருக்கிறார். பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இஞ்சேரும், நான் இல்லையாம்" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அன்று சாப்பிடவில்லை.

என்ன நடக்கிறது என்று அந்த ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தக் குளிசை ரேகையை அழிக்கும் என்று என் பாடத்திலேயே இருந்தது. கிழமைக்குக் கிழமை நான் எடுத்த அட்டைகளில் கோடுகள் மங்கி, பிறகு துண்டு துண்டாகி, கடைசியில் வெறும் கறுத்த வட்டங்களாகப் போயின. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் மேலாளருக்குக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம். மனிசி வந்து இவர்தான் என்ர புரியன் எண்டு சொல்லித்தான் நான் உள்ள போகோணுமோ?"

"அப்ப என்ன செய்யிறது?"

"நீர்தானே படிக்கிறீர். நீர் சொல்லும்."

நான் சொன்னதெல்லாம், மருந்தை நிப்பாட்டினால் ரேகை திரும்பி வரும் என்பது மட்டும்தான். படித்த படிப்பில் உங்களுக்கு உதவக்கூடியதாக வேறு ஒன்றும் இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டு உள்ளே போக விட்டார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்களோடு நின்று நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

அடுத்த ஸ்கானுக்குப் பிறகு டொக்டர் உங்களிடம், "உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு குடுப்பம், குளிசை வேண்டாம்" என்றார். உங்களை வெளியே இருத்திவிட்டு என்னிடம் மிச்சத்தைச் சொன்னார். ஈரலுக்குப் போய்விட்டது, இனி மருந்தால் பயனில்லை என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டீர்கள். கந்தளாய்க் குளம் வந்ததும் எழும்பி, "தண்ணி நல்லா நிக்குது என்ன?" என்றீர்கள். ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு பின்னேரத்தை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தமுன்னமே வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டீர்கள். கையில் ஒரு பை தொதல். "மெசின் என்னைக் கண்டுபிடிச்சிட்டுது. பச்சை வெளிச்சம். காவலாளி கை தந்தவன்" என்றீர்கள். தொதலை வெட்டிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினீர்கள். எனக்கும் ஒரு துண்டு ஊட்டிவிட்டீர்கள். அந்தத் துண்டு என் வாயிலேயே கிடந்தது. நீங்கள் இவ்வளவு சந்தோசமாக இருந்ததை அந்த வருடம் முழுக்க நான் காணவில்லை. எனக்கோ கத்தி அழவேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வழமைபோலக் கையை நீட்டினீர்கள். முதல் விரலை உருட்டி எடுத்தேன். கோடுகள் வந்திருந்தன.

"வடிவா வந்திருக்கு என்ன?"

"ஓம்."

"மருந்தை நிப்பாட்டினா வரும் எண்டு நீர்தானே சொன்னனீர்."

"ஓம்."

"ஓய்வு எண்டால் குளிசை திரும்பத் தொடங்கிறதுக்கு ஒரு திகதி சொல்லுவினம். எனக்கு ஒரு திகதியும் சொல்லேல்லை. உமக்கும் சொல்லேல்லை, என்ன?"

நான் மை உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு மற்றக் கையை நீட்டினீர்கள்.

"சரி, இதையும் எடும். உம்மட பாடத்துக்கு இதுவும் தேவைதானே."

எடுத்தேன். விரல் விரலாக எடுத்தேன். வேறு எதுவும் செய்ய எனக்கு ஏலாமல் இருந்தது. நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகும் ஞாயிறு வந்தால் கையைத் தந்துகொண்டே இருந்தீர்கள். வேலைக்குப் போகாத கையில் கிறீசும் இல்லை, வெட்டுக்காயமும் இல்லை. அவ்வளவு துலக்கமான ரேகை உங்களிடம் முன்னம் ஒருநாளும் கிடைத்ததில்லை. அதைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு மாணவி சந்தோசப்பட்டாள், அவளை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

இப்போதும் அதே ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறேன். இரத்தம் எடுக்க விரலை நீட்டுகிறவர்களின் நுனிவிரலைத்தான் முதலில் பார்க்கிறேன். மினுங்கும் விரல் வந்தால் எந்தக் குளிசை என்று கேட்கத் தேவையில்லை. ஊசியைக் கொஞ்சம் மெதுவாகப் போடுகிறேன், அவ்வளவுதான்.

மற்றது, வாய்மொழிப் பரீட்சையைப் பற்றி உங்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஆய்வில் உங்கள் பெயர் போட முடியாது, விதி அப்படி. பங்குபற்றியவர் என்றுதான் எழுதியிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பேராசிரியர் நல்ல மனிதர். ரேகை அழிவதையும் திரும்பி வருவதையும் ஒரே ஆளிடம் இவ்வளவு ஒழுங்காகப் பதிவது அருமை என்றார். பிறகு, கடைசி அட்டையோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார். நான் பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன்: பங்குபற்றியவர் அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

அவர் தலையை ஆட்டி, இன்னும் சில கிழமைகள் அவர் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார்.

அதுவரை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு மட்டும் "ஓம்" என்றேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன்.