வேலிக்குக் கொஞ்சம் தள்ளி

பீவி, உனக்கு என் சலாம்.

பினாங்கில் எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டிருந்தாய். கொடிமலை ரயிலில் ஏறு. சூலியா தெரு தர்காவில் எனக்காக ஒரு யாசீன் ஓது. உன் தம்பி கூட்டிப்போவான்; கடையை விட்டு நான் வர முடியாது. விரல்கள் சரியில்லை, இதை நண்பர் எழுதுகிறார்.

ஆனால் கப்பலில் வருபவர்களை முதலில் ஜெரெஜாக் தீவில் இறக்கி, நோய் பார்த்த பிறகுதான் ஊருக்குள் விடுவார்கள். அங்கே வேலிக்கு அப்பால் குஷ்டரோகிகளின் குடிசைகள் இருக்கின்றன. கெஞ்சிக் கேட்கிறேன், பக்கத்தில் போகாதே. காவலாளி “யாரையாச்சும் தேடுறியாம்மா?” என்றால், இல்லை என்று சொல்.

சாயங்காலம் மட்டும், நான் அனுப்பிய பச்சைச் சேலையில், வேலிக்குக் கொஞ்சம் தள்ளி நில். நீ என்னைத் தேட வேண்டாம். நான் உன்னைப் பார்த்துவிட்டால் போதும்.

உன் மச்சான்